இருபத்து நான்காவது ரயில்

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எத்தனை மணிக்கு, எத்தனை அடி தூரத்தில் என்று கேட்டே வாயை அடைத்துவிடுவேன். என்னையும் நீங்கள் அப்படிக் கேட்பீர்கள், தெரியும். கேளுங்கள். நேரம், எண்ணிக்கை எல்லாம் என்னிடம் இருக்கிறது, காரணம்தான் இல்லை.

எங்கள் வீடு கிரிவலம் போகும் செங்கம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில் ஒரு ரயில் விளையாட்டு இருந்தது. தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ரயில் விட்டால் ஜனங்கள் தானாக வந்து ஏறுவார்கள். ரிட்டையர் ஆன மனுஷனுக்கு வேறென்ன வேலை? நடுவில் ஒரு மலையை எழுப்பி, அதைச் சுற்றி ஒற்றைத் தண்டவாளம் போட்டு, எட்டு ஸ்டேஷன்களுக்கும் கிரிவலப் பாதையின் ஊர்ப் பெயர்களையே வைத்தேன். எல்லா ரயிலும் வலமாக மட்டுமே சுற்றும்படி சிக்னல்கள். மலையை இடமாகச் சுற்ற விளையாட்டில்கூட எனக்கு மனசு வரவில்லை.

அன்று சித்ரா பௌர்ணமி. மதியம் இரண்டு மணிக்கு என் மனைவி சரோஜா எங்கள் தெருப் பெண்கள் நால்வரோடு கிரிவலம் கிளம்பினாள். அவளுக்கு வீசிங் உண்டு, மூச்சுக்கு அடிக்கும் பம்ப்பை எடுத்துக்கொண்டாயா என்று மூன்று முறை கேட்டேன். பௌர்ணமியன்று வெளியூர்க் கூட்டம் தண்ணீர், கழிவறை என்று வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், நான் விளையாட உட்கார்ந்தால் கதவு திறந்து கிடப்பதே தெரியாது என்பதால், வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போவது அவள் வழக்கம்.

"உள்ள நெருப்பு கிருப்பு புடிச்சா நான் என்னடி பண்றது?"

"உங்க ரயில்ல ஏறிப் போய்டுங்க," என்றாள். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

நாலு இருபதுக்குத்தான் அந்தத் தப்பைச் செய்தேன். ஸ்டேஷன்களில் கூட்டம் ஜாஸ்தியாகிறதே என்று இன்னொரு ரயிலை வாங்கி விட்டேன், இருபத்து நான்காவது. தண்டவாளம் சிக்னல்களால் இருபத்து நான்கு துண்டாகப் பிரிந்திருந்தது, ஒரு துண்டில் ஒரு ரயில்தான் நிற்கலாம். ஒரு துண்டாவது காலியாக இருந்தால்தானே ரயில் நகரும்? ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான், எனக்குத் தோன்றவில்லை. எல்லா ரயிலும் முன்னால் நிற்கும் ரயிலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன.

நாலே முக்காலுக்கு போன் அடித்தது. சரோஜாவோடு போன கனகாவிடம் மட்டும் செல்போன் உண்டு.

"சார், அடி அண்ணாமலைல மாட்டிக்கினோம். முன்னாலயும் போவ முடியல, பின்னாலயும் போவ முடியல. அக்காவுக்கு மூச்சு இழுக்குது சார், பம்ப்பு கும்பல்ல எங்கயோ வுழுந்துட்ச்சு..."

அதோடு அறுந்துவிட்டது. ஏழு முறை போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கதவை இழுத்தேன், பூட்டு அசையவில்லை. ஜன்னலில் ஒன்பது கம்பிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துப் பூட்டை உடையுங்கள் என்று கத்தினேன். உடுக்கைச் சத்தத்திலும் சிவ நாமத்திலும் யாருக்கு என்ன கேட்கும்? அன்னதானம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் கம்பி வழியே ஒரு சாம்பார் சாதப் பொட்டலத்தை என் கையில் வைத்து, "சாப்புடுங்க பெரியவரே," என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். ஏழு ஸ்டேஷன்களில் காத்திருப்போர் எண்ணிக்கை நூறு, இருநூறு என்று ஏறிக்கொண்டிருந்தது. அடி அண்ணாமலையில் மட்டும் ஆறு. பத்து நிமிஷம் பார்த்தேன், ஆறுதான். போனது ஐந்து பேர், ஆறு ஏன் என்று ஒரு கேள்வி வந்தது. நம்பினால் நம்புங்கள், விளையாட்டில் உள்ள எண்ணுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக்கொள்ள எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அந்த ஸ்டேஷனுக்குச் சற்றுப் பின்னால், அதே துண்டுக்குள், ஷெட்டுக்குப் போகும் கிளைப்பாதை ஒன்று இருந்தது. ஸ்டேஷனில் நிற்கும் ரயிலைப் பின்னால் திருப்பி ஷெட்டுக்குள் அனுப்பினால் ஓர் இடம் காலியாகும். ஆனால் ஒரு சிக்னலை எடுத்துவிட்டு அதை இடமாக ஓட்ட வேண்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓட்டினேன். கிளம்பும்போது அந்த ரயில் ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டது. ஆறு ஐந்தானது. அது பின்னால் போய் ஷெட்டுக்குள் மறைய, மற்ற இருபத்து மூன்றும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து முப்பத்திரண்டு.

ஏழு ஐம்பதுக்குப் பூட்டு திறக்கும் சத்தம். ஐந்து பேரையும் எண்ணினேன். சரோஜாவின் வளையல்கள் உடைந்திருந்தன. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"செத்துட்டேன்னே நெனச்சேங்க. பச்சப் புடவ கட்டிக்கினு ஒரு பொம்பள, தனியா வந்தவ, எங்களோடவே ஒட்டிக்கினு நின்னா. எம் முதுகத் தேச்சுவுட்டுக்கினே இருந்தா. அப்புறம், 'நான் போனாதான் உங்களுக்கு எடம் வரும்'னு சொல்லிட்டு வந்த பக்கமே திரும்பிட்டா. எதிர்ப்பக்கமா போவாதம்மானு கத்தறேன், கேக்கல. அவ போனதுமே கும்பல் வுட்டுடுச்சு."

"எத்தன மணி இருக்கும்?"

"ஆமா, இப்ப அதான் ரொம்ப முக்கியம்."

"அஞ்சரை சார்," என்றாள் கனகா.

மறுநாள் காலையில் ஷெட்டில் இருந்த அந்த ரயிலைத் திறந்து பார்த்தேன். பயணிகள்: ஒன்று. வெளியே எடுத்து எட்டு ஸ்டேஷன்களிலும் நிறுத்தினேன். மற்றவர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், அந்த ஒன்று மட்டும் இறங்கவில்லை. திரும்பவும் ஷெட்டிலேயே விட்டேன். ஷெட்டுக்குள் நிற்கும் ரயிலை மட்டும் விற்றுவிடலாம், விளையாட்டில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. நாலு முறை விரல் அதுவரைக்கும் போனது. உள்ளே இருப்பவர் எங்கே போவார் என்று நினைத்ததும் விரலை எடுத்துவிட்டேன். பழைய கம்ப்யூட்டர் டப்பாவைத் தூக்கிப் போடுங்கள் என்கிறான் மகன். எப்படிப் போடுவது?

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சரோஜா தவறாமல் சொல்வாள்: "அந்தப் பொம்பள வூடு போய்ச் சேந்தாளோ என்னவோ."

சேர்ந்திருப்பாள் என்று நானும் சொல்லிவிடுகிறேன். அவள் சமையலறைக்குப் போனதும் எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்க்கிறேன். ஷெட்டில் நிற்கும் ரயிலில் பயணிகள் இன்னும் ஒன்று என்றுதான் காட்டுகிறது.