பதினோரு பேருக்கும் எழுபத்திரண்டு

எழுபதுகளின் கடைசியில் பயிற்சி மருத்துவனாக இரண்டு மாதம் மலை மேலிருக்கும் ஜமுனாமரத்தூரில் ஒரு சிறு மருத்துவமனையில் இருந்தேன். அதற்கு முன் நகரத்து வார்டில் ஒரு பகல், ஓர் இரவு, மறுபகல் என்று தொடர்ந்து வேலை. காலை ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் வருவதற்குள் நாற்பது பேரின் தாளிலும் நாடித்துடிப்பு எழுதியிருக்க வேண்டும். எண்ண நேரமிருக்காது. எல்லோருக்கும் சராசரியான எழுபத்திரண்டு என்று எழுதிவிடுவோம். சீனியர்கள் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த வழக்கம் அது.

மலையில் வேலை குறைவு. பத்து மணி நேரம் தூங்கியும் களைப்பு போகவில்லை. ஒரு சந்தை நாள் மதியம் நர்ஸம்மா, காலையில் வந்த நோயாளிகளின் தாள்களை என் முன் பரப்பினார்.

"இன்னா டாக்டரே, பதினோரு பேருக்கும் எழுபத்திரெண்டா? எல்லாரும் ஒரே வயித்துப் புள்ளைங்களா?"

சிரித்தார். எனக்கு வெட்கம்கூட வரவில்லை. காலையில் வந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் பயந்தேன். அவர்களில் யாருக்கு என்ன இருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

நர்ஸம்மாவுக்கு முகங்கள் தெரியும். அவர்களைத் தேடி இருவரும் கடிகாரத்தோடு சந்தைக்குப் போனோம். புளிக் குவியல்களுக்கு நடுவே ஒவ்வொருவர் மணிக்கட்டாகப் பிடித்து எண்ணினேன்.

"இன்னா, டாக்டரு கைரேகை பாக்குறாரா? எனக்கும் பாக்கச் சொல்லு!" என்றார் ஒருவர்.

ஒன்பது பேர் கிடைத்தார்கள். ஒன்பதாவது, சாமை விற்றுக்கொண்டிருந்த பெண். துடிப்பு நூற்று இருபத்து நான்கு. இமையின் உட்புறம் வெளுத்திருந்தது.

"கொழந்தை பொறந்து மூணு வாரமா ரத்தம் நிக்கலீங்க. காலையிலயே சொன்னேனே, தலைய ஆட்டினீங்களே" என்றார்.

வெறும் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தேன். உடனே வேலூருக்குக் கிளம்பச் சொன்னேன்.

"வித்துட்டு வர்றேனுங்க."

"நான் விக்கிறேன், நீ போ" என்று அவர் கணவர் முறத்தை வாங்கிக்கொண்டார்.

ஜீப்பில் வேலூருக்கு நானே கூட்டிப்போனேன். ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். மற்ற இருவரும் அதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன ஆனார்கள் என்று கடைசிவரை விசாரித்தும் தெரியவில்லை.

வேலூர் போகும் வழியெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எண்ணினேன்.

"இன்னும் எத்தினி தபா எண்ணுவீங்க? கை வலிக்குதுங்க" என்றார்.

மறு கையை நீட்டச் சொன்னேன்.