சமயநல்லூரில் ஒரு பழைய வீடு

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸிலேயே சமயநல்லூரில் வந்து இறங்கிவிட்டோம். தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். பழைய குடும்பமாக இருந்தால்தான் பெண் கொடுப்பேன் என்பது தங்கச்சியின் பிடிவாதம். அவள் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றடியில் கால் கழுவுகிறாள். நான் கூச்சப்பட்டுக்கொண்டு கூடத்துச் சுவரோடு ஒதுங்குகிறேன்.

அங்கே ஒரு பெயின்டர் பரம்பரையை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். பூ வெட்டிய தகரத்தைச் சுவரில் வைத்துச் சிவப்புத் தாமரையாக ஒற்றுகிறார். உடனே தேங்காய் நாரால் தேய்த்து அங்கங்கே அழிக்கிறார். மேலே தேயிலைத் தண்ணீர் தெளிக்கிறார். தரையில் ஒற்றிய பூக்களுக்கும் இதே மரியாதைதான்.

“நல்லாத்தானய்யா இருந்துச்சு, ஏன் அழிக்கிற?” என்று மெதுவாகக் கேட்கிறேன்.

“பாட்டன் காலத்துச் சுவரு மாதிரி வேணுமாம் ஆத்தா. சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரக வாராகளாம். நீங்க அதுல சாயாதீக, நூறு வருசம் இன்னும் காயல.”

நான் ஏற்கனவே சாய்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா குரல் கேட்டதும் பெயின்டர் தகரத்தோடு கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். தங்கச்சியை உள்ளே அழைத்துவந்த அந்தப் பெரிய மனிதர் சுவரைக் காட்டி, “எங்க பாட்டன் வரைய வச்சது. இம்புட்டு வருசமா நாங்க கைகூட வைக்கல” என்கிறார்.

தங்கச்சி உருகிப்போகிறாள். வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “என்னக்கா சொல்ற, தட்ட மாத்திக்கிருவமா?” என்கிறாள்.

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறேன். என் சந்தனக் கலர்ச் சேலையில் பாட்டன் காலத்துத் தாமரைகள் ஈரமாக ஒட்டியிருக்கின்றன.

தங்கச்சி தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிறது.