ஒப்புக்கு ஒரு ஆள்

என் அக்காவுக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. மடித்து ஒட்டிய பெட்டிகள் வரிசையாக முன்னால் வரும். மூலையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாள். பசை பிடித்திருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை என்பதால் கையில் எதைக் கொடுத்தாலும், கல்யாணப் பத்திரிகையாகவே இருந்தாலும், முதலில் மூலையை அழுத்திப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. கழித்துப்போட்ட அட்டைகளை, எழுத்து தலைகீழாக விழுந்தவை, நிறம் வழிந்தவை என்று கம்பெனியில் கேட்டு வாங்கி, கட்டாகக் கட்டிப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவாள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காக.

ஞாயிறு காலை ஒன்பது அடித்தால் போதும், மூன்றாம் மாடியில் அவள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிடும். எட்டுப் பிள்ளைகள், சில வாரம் பத்து. மத்தியானம் வரை வெட்டுவது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது. ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டு நாலு மணி வரை விளையாட்டு. பெற்றவர்கள் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, அழுக்குத் துணியைச் சலவைக்குப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் போலத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அட்டை ஆன்ட்டி. அத்தானுக்கு அந்தப் பெயரில் ஏகப்பட்ட சந்தோஷம். "அட்டைன்னா ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிறதும்தான்" என்பார். அவர் பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் கொட்டிய ஜிகினாத் தூள் காக்கிச் சட்டைக் காலரில் ஒட்டியிருப்பது தெரியாமல் ஒரு திங்கட்கிழமை முழுக்க மினுமினுத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். கண்டக்டர் அதை மூன்று மாதம் சொல்லிச் சிரித்தார்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். ஆறு நாள் ஊரார் பல்வலிக்குச் சிரித்த முகம் காட்டிவிட்டு, ஏழாம் நாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால் அக்கா விடமாட்டாள். கூட ஒரு ஆள் வேண்டும், கத்திரிக்கோல் இருக்கிற இடம் என்பாள். முணுமுணுத்துக்கொண்டே போவேன். பன்னிரண்டு கத்திரிக்கோல். ஆட்டம் முடிந்ததும் அவற்றை எண்ணி டப்பாவில் போடுவது என் பொறுப்பு.

இத்தனை பாடும் எதற்கு என்றால், அவள் மகளுக்காக. எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். காலையில் கண்ணைத் திறந்ததும் ஆரம்பித்தால் ராத்திரி தூங்கும்போது பாதி வாக்கியத்தில்தான் நிறுத்துவாள். அதே பிள்ளை, அம்மா, அப்பா, நான் ஆகிய மூவரைத் தவிர வேறு ஒரு மூச்சு பக்கத்தில் வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாக ஒரு சொல் கிடையாது. யாராவது தொட்டால் அப்படியே விறைத்து நிற்பாள். டாக்டர், மிரட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள், அவள் இருக்கிற இடத்துக்கே மற்ற பிள்ளைகளைப் பழகவிடுங்கள் என்றார். அதை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் ஆசை பெரிசு ஒன்றும் இல்லை. ஒருநாள் பசை காய்ச்சிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஒரே ஒரு பிள்ளை, ஞாயித்துக்கிழமை இல்லாத ஒரு நாள்ல வந்து கதவைத் தட்டி, 'அவ விளையாட வருவாளா'ன்னு கேக்கணும்டி. எனக்கு அது போதும்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்த இரண்டு வருஷத்தில் கதவு தட்டப்படாமல் இல்லை. கோந்து இருக்கா ஆன்ட்டி, பெரிய அட்டை இருக்கா ஆன்ட்டி, ஸ்கூல் புராஜெக்டுக்கு எரிமலை செஞ்சு தருவீங்களா ஆன்ட்டி என்று வந்தார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

தப்பு நடந்தது முதல் ஞாயிற்றுக்கிழமையே. அதைச் செய்தவள் அக்காதான். அன்று ஓடிப்பிடித்து விளையாடும்போது முதல் ஆளாகச் சிக்கியது வாயாடி. சிக்கியதும் நடுக்கூடத்தில் மரம் மாதிரி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இதோடு இவர்கள் வரமாட்டார்கள் என்று அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சட்டென்று, அவளை ஒப்புக்குச் சேத்துக்கோங்க என்று சொல்லிவிட்டாள். ஒப்புக்குச் சப்பாணி என்று முழுதாகச் சொல்வது வழக்கம். அக்கா நாசூக்காகப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொன்னாள். எப்படிச் சொன்னால் என்ன, விஷயம் ஒன்றுதான். ஒப்புக்குச் சேர்ந்தவள் எல்லோருடனும் ஓடலாம், ஒளியலாம். அவளைப் பிடித்தாலும் அவுட் இல்லை, அவள் யாரைத் தொட்டாலும் கணக்கு இல்லை.

அன்று எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வாயாடியும் ஓடினாள். அக்கா அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாருடி, ஓடறா பாரு என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிள்ளைகளுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான். அதுவும் எங்கள் கூட்டத்தில் கீழ் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். பத்து வயது. எந்த ஆட்டத்திலும் விதியை எடுத்துப் பேசுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் ஒரு தடவை தீர்ப்பு எழுதியாகிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. ஓட்டத்தில் ஒப்புக்கு என்றது ஒளிந்து விளையாடுவதற்கும் வந்தது, பிறகு பாட்டுப் போட்டு நாற்காலி சுற்றுவதற்கும் வந்தது. அந்த நாற்காலி ஆட்டத்தில் வாயாடிக்கு நாற்காலியே போடுவதில்லை. அவள் பாட்டுக்கு வெறுமனே சுற்றி வருவாள்.

கை வேலையிலாவது தலைநிமிரட்டும் என்று பார்த்தோம். அதில் அவளை அடிக்க ஆள் இல்லை. பற்பசைப் பெட்டி அட்டையில் அப்பாவுக்கு ஒரு பஸ் செய்தாள். கதவு திறந்து மூடும், சக்கரம் சுழலும், ஓட்டுநர் சட்டைக் காலரில் ஜிகினாகூட இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இதை யார் செஞ்சது என்று ஒருவன் கேட்க, ஆன்ட்டிதான், வேற யாரு என்று இன்னொருவன் பதில் சொல்லிவிட்டான். வாயாடி பக்கத்திலேயே நின்றாள். நான் செய்தேன் என்று சொல்ல அவளுக்குத்தான் வாய் இல்லையே. நான் சொன்னேன். அப்படியா என்றுவிட்டு பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒருநாள் நடந்தது அக்காவை உலுக்கிவிட்டது. வாயாடி தானாகவே பாய்ந்து போய் வக்கீலின் முதுகைத் தொட்டுவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. தொட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வக்கீல் திரும்பிப் பார்த்து, "நீ தொட்டா கணக்கு இல்லம்மா" என்று அன்பாகவே சொல்லிவிட்டு, நிற்காமல் ஓடினாள்.

அடுத்த வாரம் அக்கா கூட்டத்தைக் கூட்டி, இனிமேல் இவள் ஒப்பு இல்லை, கணக்கில் உண்டு என்று அறிவித்தாள். நீங்கதானே ஆன்ட்டி சொன்னீங்க என்று வக்கீல் கொஞ்சம் வாதாடிவிட்டு ஒத்துக்கொண்டாள். கணக்கில் வந்துவிட்டாள் அல்லவா, எல்லோரும் சுலபமான இரை என்று அவளையே துரத்தினார்கள். ஒரு நிமிஷத்தில் சிக்கினாள். அடுத்தது ஒளிந்து விளையாட்டு. சிக்கியவள் சுவரைப் பார்த்து நின்று இருபது வரை எண்ண வேண்டும். உரக்க எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒளிகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். வீடு முழுக்கப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் வாயிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. அக்கா அடுப்படியில் வாய்க்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள், அந்தச் சத்தத்தை மகள் வாயில் ஏற்றிவிடலாம் என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எண்ணவே இல்லையே என்றான் ஒருவன். யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. பழையபடி ஒப்புக்கே இருக்கட்டும் ஆன்ட்டி என்றாள் வக்கீல். அக்கா தலையாட்டினாள்.

இதற்கு ஆறு மாதம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அத்தானுக்கு அன்று டியூட்டி. கடைசி ஆட்டம் ஒளிந்து விளையாடுவது. நாலு மணிக்குப் பிள்ளைகள் போனார்கள். நான் கத்திரிக்கோலை எண்ணினேன், பன்னிரண்டும் இருந்தன. அக்கா தரையிலிருந்து பசையைச் சுரண்டினாள். தேநீர் போட்டுக் குடித்தோம். எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜர் நோயாளிக்குப் பதிலாக நோயாளியின் அண்ணனைப் பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காரவைத்த கதையைச் சொன்னேன், அக்கா புரையேறச் சிரித்தாள். இன்னைக்கு எந்தத் தகராறும் இல்லாம நல்லா போச்சு என்றுகூடச் சொன்னேன். ஐந்தரைக்குத்தான் அக்கா கேட்டாள், அவள் உன்கூட இல்லையா என்று. அவள் அக்காவோடு இருக்கிறாள் என்று நானும், என்னோடு இருக்கிறாள் என்று அக்காவும் நினைத்திருக்கிறோம்.

கூடத்துச் சுவரில் சாய்த்துவைத்த அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் உட்கார்ந்து சிரித்த இடத்திலிருந்து நாலடி தூரம். ஒன்றரை மணி நேரம் அசையவில்லை. பாவாடை நனைந்திருந்தது. அக்கா அட்டையைத் தள்ளிவிட்டு அவளை வாரி எடுத்தாள். ஏன்டி கூப்பிடல, ஏன்டி வெளிய வரல என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அவங்க என்னைத் தேட மாட்டாங்க, அது தெரியும்" என்றாள் வாயாடி. "நீங்க தேடுவீங்கன்னு இருந்தேன்."

என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். அன்று நான் வீட்டுக்குப் போய் அழுதேன்.  அக்கா அழவில்லை. இனிமேல் என் வாயால் ஒப்புக்குங்கிற வார்த்தையைச் சொன்னால் ஏன்னு கேளு என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம் கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள்: இனி ஞாயிறு கிடையாது. ஞாயிறே கிடையாதா, அப்ப சனிக்கு அடுத்து திங்களா என்று வாசலில் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டே இறங்கிப் போனது. பெற்றவர்கள் ரொம்பத்தான் வருத்தப்பட்டார்கள், அவர்கள் தூக்கம் போயிற்றே. பதினைந்து நாளில் வக்கீலின் அம்மா வந்தாள். இனிமேல் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம், மிச்ச அட்டையும் கத்திரிக்கோலும் கிடைக்குமா என்றாள். அக்கா எல்லாவற்றையும் கொடுத்தாள். கத்திரிக்கோலை எண்ணிக் கொடுத்தாள். அந்தம்மா நன்றி சொன்னாள், தேநீர் குடித்தாள், கடைசி வரை உங்க பொண்ணையும் அனுப்புங்க என்று சொல்லவில்லை. மறந்திருப்பாள். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

வக்கீலின் வீடு அக்கா வீட்டுக்கு நேர் கீழே. அங்கே எண்ணுவது மேலே கேட்கும். அந்த ஞாயிறு நானும் அக்காவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். கீழேயிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தம் வந்தது. வாயாடி பாடப்புத்தகத்தை மூடினாள். இருபது ஆவதற்குள் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். கீழே கூச்சலும் சிரிப்பும் ஓய்ந்த பிறகு வெளியே வந்து புத்தகத்தைத் திறந்தாள். திரும்பவும் எண்ணும் சத்தம் கேட்டது. திரும்பவும் போய் ஒளிந்தாள்.

மூன்றாவது தடவை அக்காவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு, மகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுப்பி, முகம் கழுவித் தலைவாரி, கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். அக்கா கதவைத் தட்டினாள். வக்கீல்தான் திறந்தாள். அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்க எங்கள் பழைய பிள்ளைகள், எங்கள் அட்டைகள்.

"இவளையும் விளையாட்டுல சேத்துக்கறீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

வக்கீல் திரும்பி ஆட்களை எண்ணிப் பார்த்தாள். நிஜமாகவே சங்கடப்பட்டாள். "இப்ப கட்சி பிரிச்சு ஆடறோம் ஆன்ட்டி. ரெண்டு பக்கமும் நாலு நாலு பேர் சரியா இருக்கு. ஒப்புக்குன்னா வரட்டும்."

அக்கா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.  வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போகிறாள் என்றே நினைத்தேன். அப்போது வாயாடி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அக்கா குனிந்தாள். மகள் யாருக்கும் கேட்காத குரலில் அம்மாவின் காதோடு சொன்னாள். நான் பின்னால் ஒட்டி நின்றதால் எனக்குக் கேட்டது.

"சரின்னு சொல்லும்மா."

அக்கா நிமிர்ந்து, "ஒப்புக்கே சேத்துக்கோங்கம்மா" என்றாள். வாயாடி செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.