ரைட்டக்காவும் வாசல்ல நின்ன ஆர்ச்சும்

ரைட்டக்கான்னு எல்லாரும் கூப்பிடுற அந்தம்மா, கவுன்சிலர் ஆகுறதுக்கு முன்னாடி பஸ் கண்டக்டரா இருந்தாங்க. விசில் ஊதி "ரைட்டு, ரைட்டு"ன்னு கத்திக் கத்தி அந்த வார்த்தை நாக்குலயே ஒட்டிக்கிச்சு. வேலைய விட்டு வந்தப்புறமும் விடல. பால் பொங்கிடுச்சுன்னாலும் ரைட்டு. பக்கத்து வீட்டுக்காரன் செவுத்தைத் தள்ளிக் கட்டிட்டான்னாலும் ரைட்டு. கேட்டவங்க, ஆகா, அக்கா ஒத்துக்கிட்டாங்கன்னு சந்தோஷமா போயிடுவாங்க. அவங்க வீட்டுக்காரர் அதே பஸ்ஸுல டிரைவரா இருந்தவரு. "காலமெல்லாம் நான் ஓட்டுனேன், கடைசியில ஓட்டு விழுந்தது அவளுக்கு"ன்னு சொல்லிச் சிரிப்பாரு.

கவுன்சிலர் வீடுன்னா சும்மாவா? பல்லு விளக்குறதுக்குள்ள வாசல்ல ஆள் நிக்கும். ஒருத்தருக்குத் தெருவிளக்கு பகல்ல எரியுது, ராத்திரி தூங்குது. இன்னொருத்தரு வந்து எதிர்வீட்டு நாய் முறைக்குதுங்கறாரு.

"நாய் முறைக்கறதுக்கு நான் என்னய்யா பண்ணட்டும்?"

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்க்கா."

"ரைட்டு"ன்னுட்டாங்க. அப்புறம் தலையில கை வெச்சுக்கிட்டாங்க. சொன்னது சொன்னதுதானே, போகணுமே.

இத்தனை தலைவலிக்கு நடுவுல அந்தம்மா மனசார ஆசைப்பட்டுக் கையில எடுத்த காரியம் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தையலக்காவை வார்டு கமிட்டியில உக்கார வைக்கணும். எந்தத் தெருவுக்கு முதல்ல சாக்கடை, எந்த முனையில விளக்குன்னு பேசி முடிவு பண்றது அந்தக் கமிட்டிதான். வருஷா வருஷம் அதே மூஞ்சிங்கதான் வந்து உக்காரும். கடை வெச்சிருக்கவங்க, சத்தமாப் பேசுறவங்க, வேலை இல்லாம சும்மா இருக்கவங்க. தையலக்கா சக்கர நாற்காலியில இருக்கவங்க. வார்டு ஆபீஸ் வாசல்லயோ படிக்கட்டு. வாசலைத் தாண்ட முடியாதவங்களுக்கு உள்ள யாரு நாற்காலி போட்டு வெச்சிருக்கப் போறா?

ரைட்டக்கா போய்க் கேட்டப்போ தையலக்கா மெஷினை நிறுத்தக்கூட இல்ல. துணிய ஓட்டிக்கிட்டே சொன்னாங்க.

"வரேன். ஆனா என்னை யாரும் தூக்கக் கூடாது."

"ஏன்க்கா, நம்ம பசங்கதானே..."

"ஒரு தடவ பேங்க்குல தூக்குனாங்க. ஒருத்தன் நல்ல கனம்னு சிரிக்கிறான். என் செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. அதை ஒருத்தன் எடுத்து என் மடியில போடுறான், ஏதோ மூட்டை மேல போடுற மாதிரி. நாலு பேர் தூக்கிட்டுப் போறது மனுஷனுக்கு ஒரு தடவதான் நடக்கணும். எனக்கு அதுக்கு இன்னும் நாள் இருக்கு. நானா வர்ற மாதிரி வழி இருந்தா வரேன். இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க."

அது நியாயம்தானே. பொறந்து ஒரு வருஷம்கூட ஆகாத பச்சப்புள்ளைக்கே தன்னை யாரு தூக்கலாம், யாரு தூக்கக் கூடாதுன்னு ஒரு எண்ணம் இருக்கு. பிடிக்காத கை வந்தா உடம்பை வில்லா வளைச்சு, மூஞ்சி செவக்க வீட்டையே ரெண்டாக்கிடும். வாய் வராத குழந்தைக்கே அப்படின்னா, ஊருக்கே துணி தெச்சுக் கொடுக்கிற பொம்பளைக்கு இருக்காதா?

"ரைட்டு"ன்னாங்க ரைட்டக்கா. இந்த ரைட்டை மட்டும் நெஞ்சைத் தொட்டுச் சொன்னாங்க.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க கூத்து. படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு சரிவு கட்டணும், அவ்வளவுதான். எஞ்சினியர் முதல்ல கட்டுனது சறுக்குமரம் மாதிரி இருந்துச்சு. சிமெண்ட் காயறதுக்குள்ள தெருப் பசங்க சறுக்கி விளையாடி அதைப் பளபளன்னு ஆக்கிட்டாங்க. அதை இடிச்சு நீளமா, தாழ்வா, ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பியோட கட்டச் சொன்னாங்க. கட்டுனாரு. மேல போனா கதவு வெளிப்பக்கமா திறக்குது. கதவைத் திறந்தா நாற்காலி பின்னால உருளணும். கதவைத் திருப்பிப் போட்டாங்க. அதுக்குள்ள சரிவு மேல பைக் நிறுத்த ஆரம்பிச்சுட்டாங்க. பைக்கை விரட்டுனா யாரோ அழகுக்குன்னு பூந்தொட்டி கொண்டாந்து வரிசையா வெச்சாங்க. தொட்டியை நகத்துனா எதிர்வீட்டம்மா அங்க போர்வை காயப்போட்டுட்டாங்க.

"ஏம்மா, உங்க வீட்டுல மாடி இல்லையா?"

"இங்கதான் வெயில் நல்லா சாய்வா விழுதுக்கா."

தொட்டில்ல தூங்குற பேரப்புள்ளைய வீடே மாத்தி மாத்தி எட்டிப் பாக்கும்ல, அப்படித்தான் ரைட்டக்காவும் காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ போய் அந்தச் சரிவை எட்டிப் பாத்துட்டு வருவாங்க. இன்னைக்கு அது மேல என்ன ஏறியிருக்கோன்னு.

புதுக் கமிட்டி உறுதிமொழி எடுக்கிற நாளும் வந்துச்சு. அன்னைக்குக் கூட்டம் முடியறதுக்குள்ள உள்ள வந்து உறுதிமொழி எடுக்கலைன்னா, அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். அந்த அடுத்த ஆள் ஹார்டுவேர் கடைக்காரரு. அவரு முதல் வரிசையில, இஸ்திரி மடிப்புக் கலையாம உக்காந்திருக்காரு.

ரைட்டக்கா கிளம்பும்போதே ஆயிரம் தடங்கல். முறைக்கிற நாயை வேற போய்ப் பாத்துட்டு வந்தாங்க. அது பாவம், வாலாட்டுச்சு. வேக வேகமா ஆபீஸ் தெருவுக்குள்ள திரும்புனவங்க அப்படியே நின்னுட்டாங்க.

சரிவு மேல ஒரு ஆர்ச் நிக்குது.

சின்ன ஆர்ச் இல்ல. ரெண்டு பக்கமும் கம்பம், மேல வளைவு, பளபளன்னு துணி, "வருக வருக"ன்னு கொட்டை எழுத்து. கம்பம் சாயாம இருக்க ஒவ்வொண்ணையும் சிமெண்ட் நிரப்புன பெயிண்ட் டப்பாவுல நட்டு, கைப்பிடிக் கம்பியோட சேத்து நைலான் கயித்தால இறுக்கிக் கட்டியிருக்கு. அந்த ரெண்டு டப்பாவுக்கும் நடுவுல ஒல்லியான ஆள் ஒருக்களிச்சுப் போகலாம். கீழ மெத்தை மாதிரி சிவப்புக் கம்பளம். சரிவோட மேல் முனையில ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. நடுவுல ரிப்பன்.

பக்கத்துல பல்லெல்லாம் தெரிய நிக்கிறது அவங்க கொழுந்தன். பந்தலு, மைக் செட்டு வாடகைக்கு விடுறவரு.

"எப்படி அண்ணி? ஒத்தப் பைசா வாங்கல. உங்களுக்காகப் பண்ணுனேன்."

"யாருய்யா உன்னைப் பண்ணச் சொன்னா?"

"நீங்கதான். அன்னைக்கு நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க. அண்ணி, தையலக்கா வர்ற அன்னைக்குச் சரிவுல ஒரு ஆர்ச் வெச்சிடட்டுமான்னு கேட்டேன். ரைட்டுன்னீங்க."

ரைட்டக்காவுக்கு எதுல முட்டிக்கிறதுன்னு தெரியல. சொல்லியிருப்பாங்க. கண்டிப்பா சொல்லியிருப்பாங்க.

அந்நேரம் பாத்துத் தையலக்கா வந்துட்டாங்க. வெளுத்து, மடிப்பு வெச்ச துணி. தோள்ல பை. தன் கையாலயே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு வந்து, ஆர்ச்சை மேலயும் கீழயும் ஒரு தடவ பாத்தாங்க.

"யாரை வருக வருகங்குது இது?"

"உங்களைத்தான்க்கா!" கொழுந்தன் ஓடி வந்தாரு. "நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. நாலு பேரை ரெடியா நிறுத்தி வெச்சிருக்கேன். அப்படியே பூ மாதிரி தூக்கி உள்ள வெச்சிடுவோம்."

ரைட்டக்கா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க.

தையலக்கா கோவப்படல. அதான் இன்னும் பயமா இருந்துச்சு. நாற்காலியத் திருப்பப் போனாங்க.

"அக்கா, அக்கா! நில்லுங்க. இதை இப்பவே எடுத்துடறேன்." ரைட்டக்கா சக்கரத்துக்கு முன்னால போய் நின்னாங்க. "டேய், அவிழுடா இதை!"

"அவிழ்க்கிறதா? அண்ணி, அந்த முடிச்சு கட்டுற ஆளுக்குத்தான் தெரியும். அவன் வேற வேலைக்குப் போயிட்டான். கட்டிங் பிளேயரும் அவன்கிட்டதான்."

உள்ளேருந்து கமிட்டி செயலாளர் எட்டிப் பாத்தாரு. கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டுனாரு. எல்லாரும் உறுதிமொழி எடுத்தாச்சு, இந்தம்மா ஒருத்தங்கதான் பாக்கி.

"சார், கொஞ்சம் வெளிய வந்து உறுதிமொழிய வாங்கிக்கங்களேன்"னாங்க ரைட்டக்கா.

"விதி அப்படி இல்லையே மேடம். உள்ளதான்."

"விதி இருந்தாலும் நான் எடுக்க மாட்டேன்"னாங்க தையலக்கா. "வாசல்ல எடுத்துட்டு வாசலோட போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

எஞ்சினியர் வந்து, "ஆனா பாக்க அழகா இருக்கு மேடம்"னாரு. அவரை ரைட்டக்கா பாத்த பார்வையில மனுஷன் திரும்பாம பின்பக்கமாவே நடந்து போயிட்டாரு.

ரிப்பன் வெட்டத் தட்டுல ஒரு கத்தரிக்கோல் வெச்சிருந்தாங்க. தங்க நிறம், பிடியில பூ. ரைட்டக்கா அதைப் பிடுங்கிக் கயித்துல போட்டு அழுத்துனாங்க. கயிறு அப்படியே இருக்கு, கத்தரிக்கோல் ரெண்டு காலையும் பரப்பிக்கிச்சு. கூட்டத்துக்கு வந்திருந்த வீட்டுக்காரர் வேற, ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, அவிழ்த்தா விழுந்துடுமேன்னு. கொழுந்தன் பல்லால முடிச்சைக் கடிக்கிறாரு.

தையலக்கா எல்லாத்தையும் பாத்தாங்க. பெருமூச்சு விட்டாங்க. தோள்பையைத் திறந்து உள்ளேருந்து கனமா, கருப்பா ஒரு கத்தரிக்கோலை எடுத்தாங்க. துணி வெட்டுற கத்தரிக்கோல். அதுல காகிதம் வெட்டுனாலே தையல்காரங்களுக்கு உசுரு போயிடும். கூர் மழுங்கிட்டா துணிய மெல்லுமே தவிர வெட்டாது.

"என் சொந்த மக கேட்டாக்கூட இதைக் கொடுத்ததில்ல"ன்னு சொல்லி, ஒரு நொடி கையிலயே வெச்சிருந்து, நீட்டுனாங்க. "சாணை பிடிச்சுத்தான் திருப்பித் தரணும்."

ரைட்டக்கா வாங்கி முதல் கயித்துல போட்டாங்க. நறுக். அடுத்தது. நறுக். நறுக். மேல வளைவு ஆட ஆரம்பிச்சுது.

"என்னால இதுக்கு மேல முடியல. நான் விட்டுடட்டுமா?"ன்னாரு வீட்டுக்காரர்.

ரைட்டக்கா கயித்துலயே கண்ணா இருந்தாங்க. "ரைட்டு."

காலமெல்லாம் அந்த வார்த்தையக் கேட்டு வண்டிய எடுத்த மனுஷன். பட்டுன்னு கையை விட்டுட்டாரு. ஆர்ச் அப்படியே மடிஞ்சு கொழுந்தன் தலை மேல விழுந்துச்சு. பளபளத் துணிக்குள்ள இருந்து, "அண்ணி! அண்ணி!"ன்னு சத்தம் மட்டும் வருது. கழுத்து வரைக்கும் "வருக வருக." அவருக்குக் காயம் ஒண்ணும் இல்ல, பெருமைக்குத்தான் அடி.

தூக்கறதுக்குன்னு வந்த நாலு பேருக்கும் அப்பதான் உருப்படியா ஒரு வேலை கிடைச்சுது. டப்பாவைத் தூக்குனாங்க, ஸ்பீக்கரைத் தூக்குனாங்க. கம்பளத்தைச் சுருட்டுனாங்க. வெறும் சிமெண்ட் தெரிஞ்சுது.

தையலக்கா ஏற ஆரம்பிச்சாங்க. உடனே பின்னாடி நாலு கை நீண்டுச்சு, ஒரு உதவிக்கு.

"யாரும் கை வெக்கக் கூடாது!" கூட்டமான பஸ்ஸுல படிக்கட்டுல தொங்குறவனை உள்ள தள்ளுற அதே குரல். ரைட்டக்கா ரெண்டு கையையும் விரிச்சு வழிய மறிச்சு நின்னாங்க.

பாதி தூரத்துல தையலக்கா நின்னுட்டாங்க. மூச்சு வாங்குது. சக்கரம் துளி பின்னால வந்துச்சு. எல்லாரும் "ஐயோ"ன்னு ஒரு அடி முன்னால வந்தாங்க. ரைட்டக்காவுக்கும் கை பரபரன்னுச்சு, ஒரே ஒரு தள்ளு தள்ளிடலாமான்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க. தையலக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு நிதானமா மூச்சு விட்டு, உள்ளங்கையத் துணியில துடைச்சுக்கிட்டு மறுபடி தள்ளுனாங்க. முன் சக்கரம் வாசலைத் தாண்டுச்சு. பின் சக்கரமும் தாண்டுச்சு.

செயலாளர் இன்னொரு தடவ கடிகாரத்தைப் பாத்துட்டு உறுதிமொழிய வாசிச்சாரு. தையலக்கா அட்சரம் பிசகாம திருப்பிச் சொன்னாங்க. ஹார்டுவேர் கடைக்காரரு மெதுவா எழுந்து பின் வரிசைக்குப் போனாரு. ரைட்டக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எத்தனை மாசத்து அலைச்சல்.

"புது உறுப்பினர் ரெண்டு வார்த்தை பேசலாம்"னாரு செயலாளர். எல்லாரும் நன்றி உரைக்கு ரெடியாயிட்டாங்க. ரைட்டக்கா முகத்தைக்கூடத் துடைச்சு வெச்சுக்கிட்டாங்க.

தையலக்கா தொண்டையக் கனைச்சாங்க.

"எங்க தெரு நடைபாதையில, நட்ட நடுவுல குப்பைத் தொட்டி நிக்குது. நானும் போக முடியல, குழந்தை வண்டி தள்ளுறவங்களும் போக முடியல, கண்ணு தெரியாத வாத்தியாரு ஒருத்தரு ரெண்டு தடவ முட்டிக்கிட்டாரு. இந்தக் கவுன்சிலரம்மாகிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டேன். சொல்லும்போதெல்லாம் ரைட்டுங்கறாங்க. ரைட்டுன்னா என்ன அர்த்தம்னு இந்தக் கமிட்டி விசாரிக்கணும்."

ஹாலே குலுங்கிச் சிரிச்சுது. வீட்டுக்காரர் சிரிப்பு எல்லாரையும் விடச் சத்தமா கேட்டுச்சு.

ரைட்டக்கா மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது? இந்தம்மாவை உள்ள கொண்டாறதுக்கு நாயா அலைஞ்சோமே, வந்ததும் முதல் கல்லு நம்ம தலையிலயான்னு உள்ள பொறுமுது. வாயும் தன்னால ரைட்டுக்குத் திறந்துச்சு. படக்குன்னு மூடிக்கிட்டாங்க.

"நாளைக்குக் காலையில நேர்ல வரேன்க்கா. நீங்களும் கூட இருங்க, எங்க வெக்கணும்னு காட்டுங்க."

"வாங்க"ன்னாங்க தையலக்கா. "வரும்போது கத்தரிக்கோலைச் சாணை பிடிச்சுக் கொண்டாங்க. உங்க கொழுந்தனை வீட்டுலயே விட்டுட்டு வாங்க."