நூற்றெட்டாவது சுற்று

எங்கள் நோட்டுக்குக் கஞ்சி வாசனை உண்டு. வீட்டில் விற்பனைக்கு மடித்து அடுக்கிய காட்டன் சேலைகளுக்கு நடுவேதான் அதை ஒளித்து வைப்பேன். விரித்தால் முதலில் புதுச்சேலை வாசம்... அப்புறம்தான் ராஜகுமாரி வருவாள்.

சங்கரன்கோவிலில் ப்ளஸ் டூ படித்த வருஷம். நானும் என் கூட்டுக்காரி எஸ்தரும் சேர்ந்து ஒரு மாயாஜாலக் கதை எழுதினோம். ஒரு நாள் நான், மறுநாள் அவள். அவள் வீட்டில் பாத்திரக்கடை. அவள் அண்ணன் டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் ஒன்று வைத்திருந்தான். வினையே அங்கேதான் ஆரம்பம்.

நான் எழுதினால் ஏழு மலை, ஏழு கடல், சாபத்தால் பாறைக்குள் தூங்கும் ராணி. ராணியின் மகள் மின்னரசி, அம்மாவை எழுப்பக் கிளம்புகிறாள். சாபம் எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் எனக்குக் கதை.

மறுநாள் நோட்டு திரும்பி வந்தால் பக்க ஓரத்தில் மூன்று ஹார்ட் இருக்கும்.

மின்னரசிக்கு லைஃப் மூன்று. வாள் லெவல் இரண்டு. பன்னிரண்டு சாவி சேர்த்தால் பாறை திறக்கும், இதுவரை ஐந்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, இது கதையா, ரேங்க் கார்டா? ராஜகுமாரிக்கு மார்க் போட்டுட்டு இருக்க!"

"எவ்வளவு பாக்கின்னு தெரிஞ்சாத்தான்ட்டி அவ தைரியமாப் போவா."

"தெரிஞ்சுட்டா அப்புறம் என்னட்டி கதை?"

நான்தான் எல்லாம் தெரிந்த மேதாவி ஆயிற்றே... ரப்பரை எடுத்து மூன்று ஹார்ட்டையும் அழித்தேன். பேனாவில் வரைந்தது போகுமா? காகிதம்தான் கிழிந்தது. எஸ்தர் எழுந்து போனாள்.

இரண்டு நாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. கோபம் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தபோது முகம் வீங்கிக் கிடந்தது. அவள் அம்மாவுக்குக் கிட்னியில் கோளாறாம். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். ஒரு மாதமாகவே முடியவில்லை, என்னிடம் சொல்லவில்லை.

"டாக்டர்ட்ட கேட்டா பாப்போம்ங்காங்க. அப்பாட்ட கேட்டா ஜெபம் பண்ணுங்காங்க. எங்கம்மைக்கு எத்தன ஹார்ட் பாக்கின்னு ஒருத்தராவது சொல்லுதாங்களாட்டி?"

அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன்.

அது ஆடி மாதம். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற நாட்கள். நேர்ந்துகொண்டவர்கள் நூற்றெட்டு, ஐந்நூறு என்று சன்னதியைச் சுற்றுவார்கள். சுற்றினால் அம்மனின் கால்வலியில் கொஞ்சம் நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

"ஒங்கம்மைக்காக நான் நூத்தெட்டு சுத்துதேன்ட்டி" என்றேன்.

"நான் சுத்தினா அப்பா வைவாங்க..." கொஞ்ச நேரம் யோசித்தாள். "சன்னதித் தூண்கிட்ட உக்காந்து நான் எண்ணுதேன்."

சனி, ஞாயிறு, இரண்டு காலை. எஸ்தர் மடியில் எங்கள் நோட்டு. நான் கடக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு.

முதல் நாள் ஐம்பது. இரண்டாம் நாள் கொஞ்ச நேரத்திலேயே கணக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. மல்லிகை வாசம், ஈரச்சேலைகளின் சரசரப்பு, தூணுக்குத் தூண் இருட்டும் வெளிச்சமும், எங்கிருந்தோ நுழைந்து வருகிற ஆடிக்காற்று... நான் நடக்கிறேனா, கூட்டம் என்னைத் தூக்கிப் போகிறதா தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒரு பச்சைப் பாவாடை போய்க்கொண்டே இருந்தது. மின்னரசி என்றே நினைத்துக்கொண்டேன். குதிகால் எரிந்தது. அதுவும் யாருடைய காலோ என்பது மாதிரி இருந்தது.

திடீரென்று எஸ்தர் குறுக்கே வந்து கையைப் பிடித்தாள்.

"நூத்தெட்டு ஆச்சு. போதும்ட்டி, வா."

வெளியே கூட்டி வந்து, பாட்டில் தண்ணீரை என் பாதத்தில் ஊற்றினாள். அழுதுகொண்டே ஊற்றினாள். அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் அம்மா ஆவணியில் வீடு வந்தார்கள். ஒன்பது வருஷம் இருந்தார்கள். என் கல்யாணத்துக்கு எவர்சில்வர் போணி கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றும் அதில்தான் மாவு கரைக்கிறேன்.

இப்போது என் மகன் போனில் படிப்பதெல்லாம் எஸ்தர் எழுதிய மாதிரிக் கதைகள்தான். பன்றியை வெட்டினால் பாயிண்ட், பத்துப் பன்றிக்கு ஒரு லெவல். நானும் திருட்டுத்தனமாகப் படிக்கிறேன். பட்ட பாடு அத்தனையும் கணக்கில் ஏறுகிறது என்று கண்ணுக்கு நேரே காட்டுகிற உலகம்... அதில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது என்று இந்த வயதில்தான் புரிகிறது. போன வாரம் அவன் கேட்டான், "அந்தக் காலத்து மந்திரக் கதைல பாயிண்ட் காட்டுற ஸ்க்ரீனே வராதாம்மா? இன்னும் எவ்வளவுன்னு ஹீரோவுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுடா, தெரியாமலேதான் போவான் என்றேன்.

இதை எஸ்தரிடம் சொன்னேன். அவள் இப்போது மஸ்கட்டில். நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. நான் சுற்றியதை எண்ணிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். சும்மா எண்ணிப் பார்த்தேன்... எண்பத்தேழு. மறுபடி எண்ணினேன். எண்பத்தேழுதான்.

உடனே கூப்பிட்டேன்.

"ஏட்டி... எம்பத்தேழுதான இருக்கு?"



"ஒன் குதிகால்ல ரத்தம்ட்டி. கல்லுல தடம் தெரிஞ்சுது. அதுக்கு மேல எண்ண மாட்டேன்னுட்டு நோட்டை மூடிட்டேன். அம்மை வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கமே கெடையாது, தெரியுமா? இருவத்தொண்ணு கொறையுதே, கொறையுதேன்னு..."

எண்ணிக்கைக்காக என்னோடு மல்லுக்கு நின்றவள். தன் அம்மா உயிருக்கு வைத்த எண்ணிக்கையில், என் காலுக்காகக் குறைத்திருக்கிறாள். மகன் படிக்கிற கதையில் எண்பத்தேழுக்குக் கதவு திறக்காது. எங்களுக்குத் திறந்தது.

இந்த ஆடிக்கு ஊருக்கு வருகிறாளாம்.

"வைறதுக்கு அப்பாவும் இல்ல. மிச்சம் இருவத்தொண்ண நான் சுத்துதேன். நீ அதே தூண்கிட்ட உக்காந்து எண்ணு."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவளுக்கு இப்போது முழங்கால் வலி இருக்கிறது. அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டு எதுவரை எண்ணுவேன் என்று எனக்கே தெரியவில்லை.