சிலையண்ணன் தலையைத் திருப்பிய கதை

சிலையண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய பழைய கண்டக்டர். அண்ணன் ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவர். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கழுத்து அசையாது, தோள் அசையாது, வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. "யோவ், பிடிச்சு வெச்ச சிலையா நீ?" என்று கண்டக்டர் ஒரு நாள் கேட்டார். டெப்போ முழுக்க அதுவே பெயராகிவிட்டது. கடல் தாண்டிக் குடிவந்த பிறகாவது விட்டதா என்றால் அதுவும் இல்லை. பழைய டெப்போ ஆள் ஒருத்தன் இங்கேயும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அவன் வாய் சும்மா இருக்குமா?

அண்ணி நர்ஸ். வேலை கிடைத்து முதலில் வந்தவர் அவர்தான். பின்னாலேயே அண்ணனும் காலேஜ் போகிற மகளும் வந்து சேர்ந்தார்கள். வந்த கையோடு அண்ணன் பஸ் டெப்போவுக்குப் போய் வேலை கேட்டார். அங்கிருந்த மேனேஜர் நல்ல மனுஷன். "ஓட்டுகிற வேலை இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் லைசென்ஸை இந்த ஊர் லைசென்ஸாக மாற்றிக்கொண்டு வாருங்கள், அதுவரை பஸ் கழுவுங்கள்" என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். மாற்றுவதென்ன, ஆபீசில் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் தரப்போகிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார்.

ஆபீசில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் பழைய லைசென்ஸை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். பதிலுக்கு ஒரு சீட்டு கொடுத்தாள். ரோட்டில் ஓட்டிக் காட்டித் தேற வேண்டுமாம். மூன்று தடவை வாய்ப்பு. தேறுகிற வரைக்கும், டிரைவிங் டீச்சர் பக்கத்தில் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது. மூன்றிலும் தேறாவிட்டால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் கணக்கில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி வாங்குகிற லைசென்ஸுக்குப் பல வருஷம் கழித்துத்தான் பஸ்ஸைக் கையில் கொடுப்பார்கள். இதையெல்லாம் மகள் பொறுமையாக மொழிபெயர்த்துச் சொன்னாள். "உம்," என்றார் அண்ணன். கேலியாக ஒரு சிரிப்புக்கூட வந்தது அவருக்கு. ஓட்டிக் காட்டுவதற்கு என்ன, தாராளமாகக் காட்டலாமே!

முதல் தடவை போனார். ஃபெயில்!

பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆபீசர், மெலிந்த மனுஷன், மடியில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு குறித்தபடியே வந்தார். முடிந்ததும், "நன்றாக ஓட்டுகிறீர்கள். ஆனால் கண்ணாடியே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்ப்பதில்லை, ஒன்றையும் கவனிப்பதில்லை" என்றார். அண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. என்னது, நான் கவனிக்கவில்லையா? கூட்டம் வழிகிற ரோட்டில் இத்தனை வருஷம் ஓட்டி ஒரு நாய்க்குட்டிமேல்கூட ஏற்றாதவன் நான்! ஆனால் இந்த ஊர் பேச்சில் அவருக்குத் தெரிந்தது கைவிரல்களுக்குள் அடங்கும். தெரிந்திருந்தாலும் பேசியிருக்கப்போவதில்லை.

இரண்டாவது தடவை. அதே ஆபீசர், அதே குற்றச்சாட்டு, மறுபடியும் ஃபெயில். "அந்தாளுக்கு என்னைப் பிடிக்கல," என்று மட்டும் வீட்டில் சொன்னார். பழைய டெப்போ ஆள் போன் போட்டு, "என்ன சிலை, இன்னும் தண்ணிக் குழாயும் கையுமாத்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அண்ணன் போனை வைத்துவிட்டு பஸ் கழுவப் போனார். மற்றவர்கள் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துகிற பஸ்ஸை இவர் தேய்ப்பார். கழுவி முடித்த பஸ்ஸை நாலடி தள்ளி நிறுத்தக்கூட வேறொருவன் வர வேண்டும். அது அவருக்கு எவ்வளவு உறைத்தது என்று யாருக்கும் தெரியாது. முகத்தில் ஏதாவது தெரிந்தால்தானே?

இதில் கஷ்டப்பட்டது யார் என்றால் அண்ணிதான். பஸ் கழுவுகிற கூலி வாடகைக்கே காணாது. அதனால் அண்ணி தொடர்ந்து நைட் டியூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ் கிடையாது. இந்த ஊர் டிரைவிங் டீச்சரம்மாவிடம் படித்து ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கி, பழைய சின்னக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு போய் வந்தார். போகும்போது பரவாயில்லை, விடிந்து திரும்பும்போதுதான் சிக்கல். இரவெல்லாம் நின்ற கால், சொக்குகிற கண்.

அண்ணன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். திரும்பும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, மனைவி தூங்காமல் இருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேசுவதற்கு ஆள் சரியில்லையே! என்ன பேசுவது என்று தெரியாமல், தான் ஓட்டிய பழைய ரூட்டின் ஸ்டாப்புகளை வரிசையாக ஒப்பிக்கத் தொடங்கினார்.

"மார்க்கெட். அதுக்கப்புறம் தபால் ஆபீஸ். அப்புறம் தண்ணி டேங்க். அதை விட்டா ரயில்வே கேட்டு..."

"என்னங்க, தூக்கம் வராதவனுக்கும் வந்துடும் இதைக் கேட்டா," என்பார் அண்ணி. என்றாலும் சிரித்துக்கொண்டே ஓட்டுவார்.

ஒரு நாள் காலை சிவப்பு விளக்கில் கார் நின்றது. அண்ணன் ரயில்வே கேட்டைத் தாண்டி மில் வாசலுக்கு வந்திருந்தார். விளக்கு பச்சையாக மாறியது. கார் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணியின் கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, கண் மூடியிருக்கிறது. கால் பிரேக்கிலிருந்து மெதுவாக நழுவிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கமிருந்து திரும்பிய ஒரு லாரி முன்னால் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் கைப்பிரேக்கை இழுத்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். "ஐயோ, கண்ணை மூடிட்டேனா?" என்று பதறி எழுந்தார் அண்ணி. வீடு வந்து சேரும்வரை அண்ணன் கைப்பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வீட்டுக்குள் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். அப்படியொரு பயம் அவர் வாழ்க்கையிலேயே வந்ததில்லை.

வெளியே வந்ததும், "உன் டீச்சரம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ," என்றார்.

அண்ணிக்குக் காதையே நம்ப முடியவில்லை. இருபது வருஷம் ஓட்டியவனுக்குப் பாடமா என்று இதுவரை முறைத்துக்கொண்டு திரிந்த மனுஷன்!

லீவு நாளில் டீச்சரம்மாவின் காரில் கிளம்பினார்கள். அண்ணன் ஓட்ட, டீச்சரம்மா பக்கத்தில், அண்ணி பின் சீட்டில் நடுவாக. கொஞ்ச தூரம் போனதுமே டீச்சரம்மா, "கண்ணாடி பாருங்கள்!" என்றார். "பார்த்தேன்," என்றார் அண்ணன். "இல்லை, பார்க்கவில்லை." "பார்த்தேன்." டீச்சரம்மா அண்ணியின் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

ஆனால் அண்ணி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்ததால், மேலே இருக்கிற கண்ணாடியில் அவருக்கு அண்ணனின் இரண்டு கண்ணும் தெரிந்தன. அவை ஒரு இடத்தில் நிற்கவில்லை. இடது கண்ணாடி, ரோடு, வலது கண்ணாடி, நடைபாதை, மேல் கண்ணாடி, மறுபடி ரோடு. முகம் மட்டும் அப்படியே, ஆணி அடித்தாற்போல. பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

"அட கடவுளே! நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றார் அண்ணி.

வண்டி ஓரமாக நின்றது.

"நீங்க எல்லாத்தையும் பார்க்கறீங்க. ஆனா கண்ணால மட்டும் பார்க்கறீங்க!"

"கண்ணாலதான் பார்க்கணும். வேற எதால பார்க்கறது?"

"தலையத் திருப்பணுங்க! அந்த ஆபீசர் ரோட்டைப் பார்ப்பாரா, குனிஞ்சு உங்க கண்ணுக்குள்ள பார்த்துக்கிட்டு வருவாரா? நீங்க பார்க்கறது அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"பார்த்தேனா இல்லையாங்கறது முக்கியமா, பார்த்த மாதிரி காட்டறது முக்கியமா?"

"ரெண்டும்தான்! கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். சமைச்சுப் போட்டா நல்லா இருக்கா, வாயில வைக்க முடியலையான்னு அந்த மூஞ்சியப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிஞ்சிருக்கா எனக்கு? மனசுக்குள்ள இருந்தா யாருக்கு என்ன பிரயோஜனம்?"

டீச்சரம்மாவுக்கு இந்தத் தமிழில் ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் கூத்துதான். சமையலறை நாற்காலியில் அண்ணனை உட்காரவைத்து, ஸ்டியரிங்குக்குப் பதிலாகக் கையில் ஒரு தட்டைக் கொடுத்தாள் மகள். "இடது கண்ணாடி!" என்று அவள் கத்த, அண்ணன் தலையைத் திருப்ப வேண்டும். "தோளுக்குப் பின்னாடி!" மறுபடி திருப்ப வேண்டும். "அப்பா, அது திரும்பறதா? கழுத்து சுளுக்கின மாதிரி இருக்கு." சொன்னதுபோலவே இரண்டாம் நாள் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அண்ணி தைலம் தேய்த்துவிட்டார். "இது டிரைவிங்கா, நாடகமா?" என்று முனகினாரே தவிர, அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை.

மூன்றாவது தேர்வு நாள் வந்தது. அண்ணி டியூட்டி முடிந்து நேராக வந்து சேர்ந்தார், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. தூங்கிவிடக் கூடாதென்று பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "தலை," என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அதே ஆபீசர்தான். அண்ணனுக்கு அப்போதே பாதி நம்பிக்கை போய்விட்டது. இருந்தாலும் கிளம்பினார். இடது கண்ணாடிக்கு ஒரு திருப்பு, வலதுக்கு ஒரு திருப்பு, தோளுக்குப் பின்னால் ஒரு பெரிய திருப்பு. அவர் திருப்பிய வேகத்தைப் பார்த்து நடைபாதையில் போன ஒரு அம்மா, தெரிந்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக் கையசைத்தார். ஆபீசர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். பாதித் தூரம் நன்றாகவே போனது.

ஒரு குறுகலான தெருவில்தான் வந்தது வினை. ஓரமாக நின்ற வேன் ஒன்றின் கதவு படாரென்று திறக்கத் தொடங்கியது. பின்னால் இடுக்கில் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. யோசிக்க நேரம் ஏது? பழைய அண்ணன் முந்திக்கொண்டார். கண் மட்டும் கண்ணாடிக்குப் போய் வந்தது. கால் பிரேக்கை மெத்தென்று அழுத்தியது. கார் அலுங்காமல் நின்றது. சைக்கிள் தாண்டிப் போனது, கதவும் மூடியது. எல்லாம் சரி. தலை மட்டும் இம்மிகூடத் திரும்பவில்லை.

ஆபீசரின் பேனா அட்டையை நோக்கிப் போனது.

போச்சு. எல்லாம் போச்சு. அண்ணனின் கண்முன் அந்தச் சிவப்பு விளக்கும் குறுக்கே போன லாரியும் வந்து நின்றன. இனி எத்தனை வருஷம் அவள் இப்படிச் சொக்கிச் சொக்கி ஓட்டுவது? அந்த நிமிஷம் அவர் செய்ததை அவராலேயே அப்புறம் நம்ப முடியவில்லை. வாயைத் திறந்தார். அரைகுறையாகத் தெரிந்த இந்த ஊர் பேச்சில் சத்தமாகச் சொன்னார்.

"கதவு. பார்த்தேன். பின்னால் சைக்கிள். பார்த்தேன். நீலச் சட்டை."

பேனா நின்றது.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. "இடது கண்ணாடி, பஸ். வலது, ஒன்றும் இல்லை. முன்னால் குழந்தை, அம்மா கையில். மேல் கண்ணாடி, வெள்ளைக் கார், அவசரத்தில்." இலக்கணம் எல்லாம் கிழிந்து தொங்கியது. சொல் தெரியாத இடத்தில் தமிழிலேயே சொன்னார். வியர்த்துக் கொட்டியது. பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அன்றைக்கே பேசித் தீர்ப்பதுபோல, திரும்பி ஆபீஸ் வாசலில் கார் நிற்கும்வரை பேசினார்.

ஆபீசர் அவர் பக்கம் திரும்பினார். "இத்தனையையும் போன இரண்டு தடவையும் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் ஐயா சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். புது லைசென்ஸ் தபாலில் வருமாம், அதுவரை ஓட்டுவதற்கு ஒரு தற்காலிகத் தாளைக் கொடுத்தார்.

அண்ணன் வெளியே வந்தார். முகம் வழக்கம்போல. அதைப் பார்த்ததுமே இதுவும் ஃபெயில்தான் என்று அண்ணி நினைத்துவிட்டார். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சரி விடுங்க. போனா போகுது. உசுரா போயிடுச்சு? நான் பார்த்துக்கறேன், நைட் டியூட்டி என்ன, பழகிப்போச்சு..."

"பாஸ்."

"என்னது?"

"பாஸ்மா."

அண்ணி கைப்பையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தார். "பாவி மனுஷா! அதைச் சொல்றதுக்கு மூஞ்சியக் கொஞ்சம் மாத்தினா குறைஞ்சா போயிடுவீங்க?"

அப்போதுதான் அண்ணனின் முகம் மாறியது. ஒரேயடியாக உடைந்தது. கார்கள் நிற்கிற அந்த வெட்டவெளியில் நின்று அழுதார். "பயந்துட்டேன்மா. அன்னைக்கு சிக்னல்ல நீ கண்ணை மூடினதுலேருந்து ஒரு நாள் நான் ஒழுங்கா தூங்கல. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். அண்ணி கார்ச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

டெப்போ மேனேஜருக்குப் போன் பண்ணணும், அடுத்த மாசமே பகல் டியூட்டிக்கு எழுதிக் கொடுக்கணும் என்று பெல்ட்டைப் போடும்போதே அண்ணி அடுக்கத் தொடங்கினார். கார் கேட்டைத் தாண்டுவதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

வழி நெடுக மகள் போன் மேல் போன் போட்டாள். ஓட்டும்போது அண்ணன் போன் எடுக்கிற ஆள் இல்லை. வீட்டு வாசலில் நிழல் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகுதான் எடுத்தார்.

"அப்பா! என்னாச்சுப்பா? எவ்வளவு நேரமா அடிக்கிறேன்! காலேஜ்ல ஒரு கிளாஸும் மண்டையில ஏறல. சொல்லுப்பா!"

"மெதுவா பேசு," என்று கிசுகிசுத்தார் அண்ணன். "அம்மா தூங்கறா."

"தூங்கறாங்களா? அதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

"வாசல்லதான் நிக்கறோம். கார்ல தூங்கறா."

"கார்லயா? அப்படின்னா ஓட்டிட்டு வந்தது..." என்று இழுத்தாள் மகள். பிறகு அவள் போட்ட கூச்சலில், அண்ணன் அவசர அவசரமாகப் போனைத் தொடையோடு அழுத்திப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.