மயிலும் அட்டையும்

எண்பதுகளில் போடியில் பதினோராம் வகுப்பு படித்தேன். விடுமுறை நாட்களில் ஏலக்காய் பறிக்க ஜீப்பில் மலையேறுவேன். ஒருநாள் அப்படிப் போகும்போது, பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு எழுத மடியில் நோட்டு இருந்தது. தலைப்பு, மழை. ‘மயில் ஆடியது’ என்று மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்துவிட்டேன்.

நெருக்கி உட்கார்ந்திருந்த சிலமலை ஊர்க்கார அக்கா எட்டிப் பார்த்தார். “மழைன்னா எங்களுக்கு என்ன ஞாவகம் வருதுன்னு கேளு ஆத்தா. சொல்றோம், எழுதிக்க.”

ஜீப்பில் வந்த பெண்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். பற்றாத விறகு, காயாத சேலை, சரிந்த பாதை, ரத்தம் குடிக்கும் அட்டை. அட்டையைத் தவிர எல்லாவற்றையும் எழுதினேன்.

“அதை ஏன் விட்ட?”

“அசிங்கமா இருக்குக்கா.”

என் கணுக்காலில் இருந்த அட்டைத் தழும்பை அவர் தொட்டுக் காட்டினார். “இது என்ன, மயிலு கொத்துனதா? மொதல்ல எல்லாத்தையும் கூடையில போடு. பெருசு சிறுசெல்லாம் பெறகு பிரிச்சுக்கலாம்.”

ஜீப்பே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் எழுதினேன்.

மறுநாள் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அட்டையை மட்டும் அடிக்க முடியவில்லை. ‘அட்டை கடிக்கும்போது வலிக்காது’ என்று தொடங்கினேன். பேனா நிற்கவேயில்லை.

பரிசு வேறொருத்தியின் மயிலுக்குப் போனது. போகட்டும். இன்றும் எழுத உட்கார்ந்தால், எந்தச் சொல்லுக்குக் கை கூசுகிறதோ அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.